இருபதாவது தலை

முள்ளன்விளை ஓய்வுநாள் பள்ளியில் படித்த ஒரு வெள்ளாட்டுக்கடா, வருடம் முழுக்க ஒரு ஞாயிறுகூட முடங்காமல் வகுப்புக்கு வந்து, வேதப் பரீட்சையும் எழுதி, பதினொரு சபைகள் அடங்கிய சேகரத்துக்கே முதலாவதாகத் தேறியது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. போன இரண்டு மார்க்கும் தெரியாமல் போனதில்லை. அது ஒரு தனிக் கதை, வரும்.

ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். சத்தியம் பண்ணக் கூடாது என்று வேதத்திலேயே இருப்பதால் சத்தியம் பண்ண மாட்டார்கள். ஆனால் உங்கள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அந்த ஆட்டைக் காட்டுவார்கள். நம்ப மாட்டேன் என்று நின்ற ஆள் முள்ளன்விளையிலேயே ஒன்றே ஒன்றுதான். ரசலையனின் பேத்தி அபிதா. வயது பதினாறு. டாக்டர் படிப்புக்கான நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறவள்.

"ஆட்டுக்கு இருக்கது குளம்பு தாத்தா. குளம்பு வச்சுப் பேனா பிடிக்க ஒக்காது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

ரசலையன் அந்த ஓய்வுநாள் பள்ளியின் சூப்பிரண்டு. முப்பத்துநாலு வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய வண்டியில் டிக்கெட் இல்லாமல் ஒரு ஈகூட உட்கார்ந்ததில்லை என்பார்கள். பூதப்பாண்டிச் சந்தைக்குப் போகிற கோழிக்கு டிக்கெட் கிழித்தார். வாத்துக்குக் கிழித்தார். ஒருமுறை ஆரல்வாய்மொழியில் ஏறிய கல்யாண வீட்டு ஆட்டுக்கும் கிழித்தார். "ஏறினா பயணி. ஏறலன்னா இல்ல" என்பதுதான் அவர் படித்த வேதாந்தம் முழுவதும். ஓய்வுநாள் பள்ளியிலும் பேர் வாசிக்கிற வழக்கம் அவரிடம் இல்லை. பஸ்ஸில் பின்படியிலிருந்து முன்படி வரை பார்க்கிற மாதிரி ஒரு பார்வை, தலை எண்ணிவிடுவார்.

அந்தத் தலைகள்தான் குறைந்துகொண்டே வந்தன. ஒரு காலத்தில் தொண்ணூறு பிள்ளைகள். பாதிப் பேர் அப்பா அம்மாவோடு வளைகுடாவுக்குப் போனார்கள். மீதியில் பாதிப் பேரை ஞாயிற்றுக்கிழமை கோச்சிங் வகுப்பு வாரிக்கொண்டு போயிற்று. கடைசியில் நின்றது பத்தொன்பது.

அப்போதுதான் சேகரத்திலிருந்து அந்தக் கடிதம் வந்தது. இருபது பிள்ளைகளுக்குக் குறைந்த பள்ளிகளெல்லாம் இந்த வருடக் கடைசியோடு டவுன் சபைப் பள்ளியோடு சேர்க்கப்படும்.

ரசலையன் அந்தக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். டவுன் ஆறு மைல். எந்தப் பிள்ளை காலை எட்டு மணிக்கு அவ்வளவு தூரம் போகும்? முள்ளன்விளைப் பிள்ளைகளின் காதில் வசனம் விழுவது அதோடு நின்றது என்று அவருக்குத் தெரியும்.

"ஒண்ணுதானே குறையுது அண்ணே. அபிதாவைச் சேத்தா கணக்கு முடிஞ்சுல்லா" என்றார் சின்ன வகுப்பு எடுக்கிற ஜெபகுமாரி டீச்சர்.

அங்கேதான் முள் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் நோவா பாடம் நடந்தபோது அபிதா எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். பூமியில் பாவம் பெருகினதால் ஜலப்பிரளயம் வந்தது, எல்லாம் அழிந்தது, சரி. மீன்களுக்கு என்ன தண்டனை? அவற்றுக்குத் தண்ணீர் கூடினது லாபம்தானே? ரசலையன், "அதெல்லாம் கேக்கப்பிடாது மக்கா, இரி" என்று சொல்லிவிட்டார். அவள் இருக்கவில்லை. பதில் கிடைத்த பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு நடந்தவள்தான். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் நாகர்கோவிலில் கோச்சிங். காலை ஏழே முக்காலுக்கெல்லாம் பையோடு கிளம்பிவிடுவாள்.

ரசலையன் ரகசியமாக மூன்று போதகர்களிடம் அந்தக் கேள்வியைக் கொண்டு போனார். ஒருவர் சிரித்தார். ஒருவர் ஜெபித்தார். மூன்றாமவர், உங்கள் ஊரில் இன்றைக்கு என்ன மீன் கிடைக்கும் என்று விசாரித்தார். பேத்தியிடம் போய்ச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்காகப் பள்ளிக்கு வராதவளின் பேரை எழுதுவதா?

"ஏறாதவளுக்கு டிக்கெட் போட மாட்டேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிறு வழக்கம்போலத் தலை எண்ணினார். இருபது.

மறுபடி எண்ணினார். இருபதேதான். இருபதாவது தலை தெற்கு ஜன்னல் வழியாக உள்ளே நீண்டிருந்தது. அதற்கு இரண்டு கொம்பும் கொஞ்சம் தாடியும் இருந்தன. எதையோ அசைபோட்டுக்கொண்டு ஜெபகுமாரி டீச்சர் சொல்லும் பாட்டைக் கவனித்துக்கொண்டிருந்தது.

அது கோயில் ஆடு. அறுப்பின் பண்டிகைக்கு ஞானதாசன் வீட்டார் காணிக்கையாகக் கொண்டுவந்த குட்டி. ஏலத்தில் எடுத்தவர், பிள்ளைகள் அழுததைப் பார்த்து மனசு இளகி, கோயிலுக்கே திருப்பி விட்டுவிட்டார். மணி அடிக்கிற ராஜையன் அதை ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் கட்டி வளர்த்தார். பிள்ளைகள் யோனத்தான் என்று பேர் வைத்திருந்தார்கள். ரசலையன் விசாரித்தபோது, ஆடு பல மாதமாகவே எல்லா ஞாயிறும் அந்த ஜன்னலில்தான் நிற்கிறது என்றார்கள். வகுப்பு தொடங்கும்போது வரும், முடியும்போது போகும். நடுவில் ஒரு சத்தம் போடாது. பத்தொன்பது பிள்ளைகளில் அப்படி ஒன்றைக் காட்டமுடியாது.

ரசலையன் கண்டக்டர். ஏறினவன் பயணி.

வருகைப் பதிவேட்டில் இருபதாவது வரியில் யோனத்தான் என்று எழுதினார். தகப்பன் பேர் என்ற இடத்தில் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு 'வெளியூர்' என்று எழுதினார். ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை என்று ஜெபகுமாரி டீச்சரிடம் வாதாடினார். டீச்சர் கர்த்தருடைய ஜெபத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

பள்ளி பிழைத்தது. யோனத்தானுக்கு அடையாள அட்டைக்கான படிவம் வந்தது.

புகைப்படம் ஒட்டவும் என்று இருந்தது. பையனுக்கு உடம்பு சரியில்லை, படம் எடுக்க முடியவில்லை என்று சொல்லிவிடலாம் என்றார் டீச்சர். ஆட்டுக்கு அந்த வாரம் உண்மையாகவே வயிற்றுப்போக்கு இருந்ததால் ரசலையனும் ஒப்புக்கொண்டார். சேகர ஆயர் இளகிய மனசுக்காரர். வருகிற ஞாயிறு பதினொரு சபைகளிலும் சிறுவன் யோனத்தானுக்காக விசேஷ ஜெபம் என்று அறிவித்துவிட்டார். நான்காயிரம் பேர் அந்த ஆட்டுக்காக ஒரே நேரத்தில் முழங்காலிட்டார்கள். திங்கட்கிழமையே அதற்கு வயிறு சரியாயிற்று. அதை யாராலும் மறுக்க முடியாது.

செவ்வாய்க்கிழமை பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து பன்னிரண்டு பேர் ரொட்டி, ஹார்லிக்ஸ், ஆரஞ்சுப் பழத்தோடு பிள்ளையைப் பார்க்க வேனில் வந்து இறங்கினார்கள். ரசலையன் பதறிப்போய், பிள்ளை காற்று மாற்றத்துக்காக மண்டைக்காட்டில் அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறது என்று சொல்லிவிட்டார். அவர் ஆயுசிலேயே சொன்ன முதல் சுத்தப் பொய் அது. கொண்டுவந்ததைத் திரும்ப எடுத்துப்போவது நல்லதில்லை என்று அவர்கள் வைத்துவிட்டுப் போனார்கள். ரொட்டியை யோனத்தான் தின்றது. ஹார்லிக்ஸ் பாட்டிலின் காகிதத்தையும் தின்றது.

மண்டைக்காட்டுக்குப் போன பிள்ளையை மண்டைக்காட்டுச் சபைப் பள்ளியில் சேர்த்துவிடுவதுதானே முறை, மாற்றுச் சீட்டு அனுப்புங்கள் என்று சேகரத்திலிருந்து அடுத்த கடிதம் வந்தது. அனுப்பினால் பத்தொன்பது. எனவே பிள்ளை பூரண சுகத்தோடு ஊர் திரும்பிவிட்டது என்று பதில் எழுதினார். சந்தோஷம், அப்படியானால் வேதப் பரீட்சைக்கு அவன் கட்டாயம் வரவேண்டும், பதிவெண் இருபது, என்று அதற்கும் ஒரு பதில் வந்தது.

வீட்டில் அபிதாவுக்கு இது தினமும் ஒரு விருந்தாக இருந்தது.

"பாடம் எங்க மட்டும் முடிச்சிருக்கு தாத்தா, உங்க மாணவன்?"

"கேலி பண்ணாதே ஏட்டி. உன்னைவிட அது கொள்ளாம். ஒரு நாள் முடங்கினது இல்ல."

"முடங்காம வாறதுக்கு ஆட்டுக்கு என்ன வேண்டுதல்? லாஜிக் இல்லையே" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

லாஜிக் இல்லாத வேறு சில காரியங்களும் அந்த வருடம் நடந்தன. ரசலையன் அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் இல்லை. வீட்டு முற்றத்துப் பலா மரத்தில் கைக்கு எட்டுகிற கிளையெல்லாம் மொட்டையாகிப்போயிற்று. புழு என்று மருமகள் மருந்து அடித்தாள். ஞாயிறுதோறும் சரியாக ஒன்பது மணிக்கு, கோச்சிங் படிவத்தில் கொடுத்திருந்த அவருடைய கைபேசி எண்ணுக்கு ஆங்கிலத்தில் ஒரு செய்தி வரும். லோன் வேண்டுமா என்று கேட்கிறவர்கள் என்று வாசிக்காமலே அழித்துவிடுவார்.

பரீட்சை நாள் வந்தது. முள்ளன்விளைக்கு ஆடிக் காற்று அடிக்கிற மாதம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற அந்தக் காற்றைத் தெரியாதவர்கள் இதை நம்பச் சிரமப்படுவார்கள். அந்த மாதத்தில் எங்கள் ஆயர் செய்கிற பிரசங்கத்தை இரண்டு மைல் தள்ளியிருக்கிற ஊரில்தான் முழுதாகக் கேட்கலாம். காற்றாலைகள் சுற்றுகிற வேகத்தில் எப்போது கழன்று பறக்குமோ என்று கோழிகள் கூட்டைவிட்டு வராது.

மேற்பார்வைக்கு வந்தவர் ஜாஸ்பர். எண்பது வயது, கண்ணாடி சோடா பாட்டிலின் அடிப்பாகம் மாதிரி. ரசலையன் தன் திட்டத்தை டீச்சரிடம் சொல்லியிருந்தார். ஜன்னல் திண்டில் யோனத்தான் முன்னால் கேள்வித்தாளும் விடைத்தாளும் வைப்பது. அது தின்னும். தின்றால் சைபர். சைபர் வாங்கினாலும் வந்தவன் வந்தவன்தானே? பேனாவும் ஒன்று, முறைக்கு வைத்தார்.

ஜாஸ்பர் ஜன்னல் பக்கம் உற்றுப் பார்த்தார்.

"அந்தப் பையனுக்கு முகம் என்ன இப்படி நீண்டுபோச்சு?"

"நோயில கெடந்து எழும்பின பிள்ளை ஐயா. எல்லாரும் ஜெபிச்சோம்லா, அந்தப் பிள்ளை" என்றார் டீச்சர்.

"பாவம். நல்லா எழுது மக்கா" என்று சொல்லிவிட்டு ஜாஸ்பர் காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டார்.

ரசலையன் திரும்பிப் பார்த்தபோது ஜன்னல் திண்டில் தாள் இல்லை. ஆடு மென்றுகொண்டிருந்தது. நிம்மதியாக மூச்சு விட்டார். ஒன்று ஆடு தின்றிருக்கும், இல்லை காற்று தூக்கியிருக்கும். எப்படியும் காரியம் முடிந்தது.

இரண்டு மணி நேரம் கழித்து ஜாஸ்பர் எழுந்து தாள்களைச் சேகரித்துக் கட்டி அரக்கு வைத்துவிட்டு, "இருபது" என்றார்.

ரசலையன் சட்டென்று திரும்பினார். ஜன்னலைப் பார்த்தார். பேனா மூடி போட்டு ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. அதன் அருகில் யோனத்தான் எதுவும் நடக்காததுபோல நின்றது.

ஒரு மாதத்தில் முடிவு வந்தது. சேகரத்தில் முதலிடம், முள்ளன்விளை யோனத்தான்.

அன்றைக்குச் சாயங்காலமே ஊர் ஆட்டைப் பார்க்க வந்தது. டீச்சர்தான் எழுதியிருப்பார் என்று ரசலையன் நினைத்தார். ரசலையன்தான் எழுதியிருப்பார் என்று டீச்சர் நினைத்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் மனசுக்குள் மன்னித்துக்கொண்டு வெளியே முறைத்துக்கொண்டார்கள். ராஜையன் மட்டும் சந்தேகமே படவில்லை. வேதத்தில் பிலேயாமின் கழுதையே பேசியிருக்கிறது, எங்கள் ஆடு எழுதக்கூடாதா என்று கேட்டார். ஊரே அவர் கட்சியில் சேர்ந்துவிட்டது.

பரிசளிப்பு டவுன் சபையில். பரிசைப் பிள்ளை நேரில் வந்து வாங்க வேண்டும், வாங்கிவிட்டுச் சபையாருக்கு இரண்டு வார்த்தை சாட்சி சொல்ல வேண்டும் என்று ஆயர் எழுதியிருந்தார்.

இதற்கு மேல் சொல்ல ரசலையனிடம் அத்தையும் இல்லை, நோயும் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஷைஜுவின் ஆட்டோவை வரச் சொன்னார். உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றார். சொன்னால் பள்ளி போய்விடும் என்று டீச்சர் கண்ணைத் துடைத்தார். போகட்டும், நானூறு வசனம் மனப்பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு ஒரு பொய்யையும் சேர்த்துக் கொடுத்தால் பிள்ளைகள் அந்த ஒன்றைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்றார் அவர்.

ஆடு ஆட்டோவில் ஏற மறுத்தது. ரசலையன் இழுத்தார், ராஜையன் தள்ளினார், ஷைஜு ஹார்ன் அடித்தான். கடைசியில் அபிதா வந்து கயிற்றைத் தொட்டதும் ஒரு பெட்டிப்பாம்பு மாதிரி ஏறி உட்கார்ந்தது.

"நீ எதுக்கு வாறே?"

"முதல் பரிசு வாங்குற ஆடு. அறிவியல் படிக்கிறவ பாக்கண்டாமா?" என்று அவளும் ஏறிக்கொண்டாள்.

டவுன் சபை நிறைந்திருந்தது. யோனத்தான் என்று பேர் கூப்பிட்டதும் பெண்கள் ஐக்கிய சங்கத்துப் பன்னிரண்டு பேரும் ஹார்லிக்ஸ் கொடுத்த உரிமையில் எழுந்து நின்றார்கள். நடுப்பாதை வழியாக ரசலையன் ஆட்டோடு நடந்து வந்தார். தோரணத்தில் ஒரு முழம் அதற்குள் ஆட்டின் வாயில் இருந்தது.

ஒலிபெருக்கியில் எல்லாவற்றையும் சொன்னார். ஏறினவன் பயணி என்று தான் எண்ணிய கணக்கு, வயிற்றுப்போக்கு, மண்டைக்காட்டு அத்தை, ஒன்றையும் விடவில்லை. பிள்ளைகளுக்காகச் செய்தேன், செய்திருக்கக் கூடாது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று முடித்தார். சபை சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ஆயர் முகத்தைப் பார்த்தது.

ஆயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அண்ணாச்சி, உங்க மனசு எனக்குத் தெரியும். ஆனா விதி விதிதான். இருபதாவது தலையில கொம்பு இருக்கு, எண்ண முடியாது. பத்தொன்பதுன்னா பள்ளியைச் சேத்துத்தான் ஆகணும்."

ரசலையன் தலையசைத்தார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கத் திரும்பினார்.

அப்போது தாள் திருத்திய ரெஜிஷா மிஸ் எழுந்தாள். எல்லாம் சரி, ஆனால் இந்தத் தாளை எழுதினது யார் என்று கேட்டாள். இப்படி ஒரு தாளைத் தான் திருத்தினதே இல்லை என்றாள். ஓரம் கொஞ்சம் கடிபட்டிருந்தது. மற்றபடி வகுப்பில் சொன்ன சின்னக் கதைகூட விடாமல் எழுதியிருந்தது. ஒரே ஒரு இரண்டு மார்க்குக் கேள்விக்குத்தான் பதிலுக்குப் பதிலாகக் கேள்வி இருந்தது.

அவள் தாளைப் பிரித்து வாசித்தாள். "'ஜலப்பிரளயத்தில் அழிந்தவை எவை?' பதில்: 'மீன்களைத் தவிர எல்லாம். மீன்களுக்கு என்ன தண்டனை என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.'"

ரசலையனின் கையிலிருந்து கயிறு நழுவிற்று. ஆடு ஒரு துள்ளுத் துள்ளி, நடுப்பாதை வழியாக ஓடி, கடைசி பெஞ்சில் இருந்த அபிதாவின் பையில் மூக்கை நுழைத்தது. சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

அபிதா எழுந்தாள். பைக்குள்ளிருந்து ஒரு இலையை எடுத்து அதன் வாயில் கொடுத்துவிட்டு, தாத்தாவைப் பார்த்தாள்.

"ஆடு ஒரு ஞாயிறும் முடங்கலங்கிறது உள்ளதுதான் தாத்தா. அது எப்படி முடங்கும்? பிலா இலையும் வச்சுக்கிட்டு, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நானுல்லா இருந்தேன்."